மறுவருகை டிக்கெட்டா, சின்ன மேடையா? புதிதாக ராக் கேட்கத் தொடங்கியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

2024 ஆகஸ்ட் 31ஆம் தேதி காலையில் பிரிட்டனிலும் அயர்லாந்திலும் லட்சக்கணக்கானவர்கள் திரையை விட்டுக் கண்ணெடுக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். 2009இல் பாரிஸில் சண்டை போட்டுக்கொண்டு பிரிந்த ஒயாசிஸ் ராக் குழுவின் அண்ணனும் தம்பியும் மறுபடி ஒரே மேடையில் ஏறப்போகிறார்கள்; அதற்கான டிக்கெட் விற்பனை அன்றைக்கு. பல மணி நேரம் இணைய வரிசையில் காத்திருந்து முறை வந்தபோது, சுமார் 150 பவுண்டு என்று நினைத்திருந்த, நின்றுகொண்டு பார்க்கும் டிக்கெட் 350 பவுண்டைத் தாண்டியிருந்தது. வேண்டுமா வேண்டாமா என்று யோசிக்கச் சில நிமிடம்தான். பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கியவர்கள் ஏராளம்.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. பதினாறு வயதில் மனப்பாடமான பாட்டை, அதைப் பாடியவர் வாயாலேயே ஒரு முறை நேரில் கேட்க வேண்டும் என்ற ஆசை நியாயமானது. நானும் அப்படி ஒரு மறுவருகை நிகழ்ச்சிக்குப் போனேன். மேடை கட்டைவிரல் நகம் அளவில்தான் தெரிந்தது. இரண்டு மணி நேரமும் பக்கத்திலிருந்த பெரிய திரையைத்தான் பார்த்தேன். அந்த வருடம் இசைக்கென்று ஒதுக்கியிருந்த பணம் அந்த ஒரே ராத்திரியில் தீர்ந்தது. அடுத்த மாதம் எனக்குப் பிடித்த ஒரு சின்னக் குழு பக்கத்திலேயே வாசித்தது, போகக் காசில்லை. முப்பது பேர்தான் வந்திருந்தார்களாம். மறு வருடம் அந்தக் குழு கலைந்துவிட்டது. நான் போயிருந்தால் அது பிழைத்திருக்கும் என்று சொல்லவில்லை. ஆனால் முப்பது பேர் இருக்கும் அறைக்குள் முப்பத்தோராவது ஆள் நுழைந்தால் மேடையில் இருப்பவருக்குத் தெரியும். ஐம்பதாயிரம் பேர் கூட்டத்தில் என் இடம் காலியாக இருந்தாலும் யாருக்கும் தெரிந்திருக்காது.

அதனால் என் கட்சி எது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரிய குழுவின் மறுவருகைக்கு உங்கள் பணம் தேவையில்லை. அது நீங்கள் இல்லாமலும் நடக்கும். அதே பணத்தில் ஒரு பங்கு, பெரிய நிறுவனங்களைச் சாராத சுயாதீனக் கலைஞரிடம் போனால் அவருடைய அடுத்த ஆல்பம் வருமா வராதா என்பதே மாறக்கூடும். பெரிய நிகழ்ச்சிக்கே போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. யோசித்துப் போங்கள், மிச்சத்தை எங்கே போடுவது என்று தெரிந்து போடுங்கள். அதற்கான படிகள் கீழே.

முதல் படி: அறிவிப்பு வந்ததும் நான்கு கேள்விகள்

பெரிய குழுக்களின் அறிவிப்புக்கும் டிக்கெட் விற்பனைக்கும் நடுவில் பெரும்பாலும் சில நாட்கள் இருக்கும். ஒயாசிஸ் விஷயத்தில் நான்கு நாள். அந்த இடைவெளியில் உங்களைச் சுற்றி எல்லோரும் அதைப் பற்றியே பேசுவார்கள், பழைய பாட்டுகள் எங்கும் ஒலிக்கும், விட்டால் போச்சு என்ற பதற்றம் வரும். அதே நாட்களை நிதானமாக விசாரிக்கப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

புதுப் பாட்டு ஏதாவது இருக்கிறதா? எனக்கு முக்கியமான கேள்வி இதுதான். த போலீஸ் குழு 2007இல் மறுபடி சேர்ந்து ஒரு வருடத்துக்கு மேல் உலகம் சுற்றியது. வசூல் 35 கோடி டாலருக்கு மேல். புது ஆல்பம் ஒன்றுகூட வரவில்லை, சுற்றுப்பயணம் முடிந்ததும் அவரவர் வழியில் போய்விட்டார்கள். கன்ஸ் அண்ட் ரோசஸின் 2016 முதல் 2019 வரையிலான பயணம் 58 கோடி டாலரைத் தாண்டி வசூலித்தது; அந்தக் காலத்திலும் புது ஆல்பம் இல்லை. வாசித்தது மோசம் என்று இதற்கு அர்த்தமில்லை. நீங்கள் காசு கொடுப்பது உங்கள் பழைய ஞாபகத்துக்கு என்பதைத் தெரிந்துகொண்டு கொடுங்கள், அவ்வளவுதான்.

நேர் எதிரான உதாரணங்களும் உண்டு, அவற்றைச் சொல்லாமல் விட்டால் நான் நியாயமாக நடந்துகொண்டதாக ஆகாது. மை பிளடி வாலன்டைன் 1991க்குப் பிறகு அடுத்த ஆல்பத்தை 2013இல் வெளியிட்டது; எந்தப் பெரிய நிறுவனத்தின் துணையும் இல்லாமல் தங்கள் இணையதளத்திலேயே நேரடியாக விற்றார்கள். ஸ்லோடைவ் 1995இல் கலைந்த குழு. அந்தக் காலத்தில் பிரிட்டன் இசைப் பத்திரிகைகள் அவர்களைக் கிழித்துத் தொங்கவிட்டன. 2014இல் மீண்டும் சேர்ந்து, 2017இல் ஒரு சுயாதீன லேபிள் (ஆல்பங்களை வெளியிடும் நிறுவனம்) மூலம் புது ஆல்பம் கொண்டுவந்தார்கள். பழையவற்றோடு தயக்கமில்லாமல் சேர்த்து வைக்கத் தகுந்த ஆல்பம் அது. இப்படிப்பட்ட மறுவருகைக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு டிக்கெட் எடுப்பேன்.

மேடையில் நிற்கப்போவது யார் யார்? குழுவின் பெயர் ஒன்று, ஆட்கள் வேறு என்று இருக்கலாம். கன்ஸ் அண்ட் ரோசஸ் 2008இல் நீண்ட காலத் தாமதத்துக்குப் பிறகு ஒரு ஆல்பம் வெளியிட்டபோது, குழுவைத் தொடங்கியவர்களில் ஆக்சல் ரோஸ் மட்டும்தான் மிச்சம். அறிவிப்பில் இருக்கும் புகைப்படத்தைப் பார்த்து முடிவெடுக்காமல் உறுப்பினர்களின் பெயர்ப் பட்டியலைத் தேடிப் படியுங்கள்.

"இதுதான் கடைசி" என்கிறார்களா? மோட்லி க்ரூ 2014இல் பத்திரிகையாளர்களைக் கூட்டி, 2015க்குப் பிறகு இந்தப் பெயரில் சுற்றுப்பயணம் போக மாட்டோம் என்று சட்ட ஒப்பந்தமே கையெழுத்திட்டார்கள். 2019இல் அந்த ஒப்பந்தம் வெடித்துச் சிதறுவதுபோல ஒரு காணொளி வெளியிட்டுத் திரும்பி வந்தார்கள். கிஸ் குழு 2000இல் ஒரு விடைபெறும் பயணம் போனது, 2019இல் இன்னொன்று தொடங்கியது. உண்மையிலேயே ஒரே ஒரு ராத்திரி என்றால் அதற்கு லெட் செப்பலினின் 2007 டிசம்பர் 10 லண்டன் நிகழ்ச்சியைச் சொல்லலாம். ஓர் அறக்கட்டளைக்காக நடந்தது. டிக்கெட்டுக்குக் கோடிக்கணக்கில் விண்ணப்பங்கள் குவிந்ததாகச் சொல்லப்பட்டது. இன்னும் எத்தனையோ கோடி தருகிறோம் என்று கேட்டிருக்கக்கூடியவர்கள் இருந்தும் அதற்குப் பிறகு அவர்கள் சுற்றுப்பயணம் போகவில்லை. அப்படிப்பட்டவர்கள் அபூர்வம். ஆகவே "கடைசி" என்ற சொல்லுக்காக மட்டும் கூடுதல் விலை கொடுக்காதீர்கள்.

விலையைத் தீர்மானிப்பது யார்? ஒயாசிஸ் விற்பனையைப் பிரிட்டனின் வணிகப் போட்டி ஒழுங்குமுறை ஆணையம் விசாரித்தது. நின்று பார்க்கும் டிக்கெட்டுகளை இரண்டு விலையில் வைத்திருந்து, மலிவானவை தீர்ந்ததும் விலை கூடியவற்றைத் திறந்துவிட்டிருக்கிறார்கள். வரிசையில் காத்திருந்தவர்களுக்கு அது தெளிவாகச் சொல்லப்படவில்லை. பிளாட்டினம் என்று பெயரிட்ட இருக்கைகள் சாதாரண டிக்கெட்டைப்போலக் கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு விலைக்கு விற்கப்பட்டிருக்கின்றன. கூடுதலாகக் கிடைத்த வசதி எதுவும் இல்லை என்பதும் வாங்குபவர்களுக்குப் போதிய அளவில் சொல்லப்படவில்லை. ஆகவே வரிசையில் நுழைவதற்கு முன்பே ஒரு உச்ச விலையைத் தாளில் எழுதி வையுங்கள். அதைத் தாண்டினால் திரையை மூடிவிடுங்கள். இன்னொன்று: குழு நினைத்தால் விலையைக் கட்டுப்படுத்தவும் முடியும். 2023இல் த க்யூர் தங்கள் அமெரிக்க நிகழ்ச்சிகளுக்குக் குறைந்த விலை வைத்தது. அதன் மேல் டிக்கெட் நிறுவனம் சேர்த்த கட்டணங்கள் அநியாயம் என்று பாடகர் ராபர்ட் ஸ்மித் வெளிப்படையாகச் சண்டை போட்டு, ரசிகர்களுக்கு டிக்கெட்டுக்கு 5 அல்லது 10 டாலர் திருப்பிக் கொடுக்க வைத்தார். எங்கள் கையில் எதுவும் இல்லை என்று பெரிய குழுக்கள் சொல்லும்போது எனக்கு அந்த நிகழ்ச்சிதான் ஞாபகம் வரும்.

நான்குக்கும் திருப்தியான பதில் கிடைத்தால் போய் வாருங்கள். இல்லையென்றால் அந்த டிக்கெட் விலையைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு அடுத்த படிக்கு வாருங்கள்.

இரண்டாவது படி: காசு எங்கே போகிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

"எனக்குப் பிடித்த சின்னக் கலைஞரின் பாட்டை நான்தான் தினமும் ஸ்ட்ரீமிங்கில் கேட்கிறேனே, அது ஆதரவு இல்லையா?" என்று பலர் கேட்பார்கள். கொஞ்சம் கணக்குப் போட்டால் புரியும்.

ஸ்பாட்டிஃபை போன்ற சேவைகள் ஒரு முறை கேட்டால் இவ்வளவு என்று நிலையான தொகை கொடுப்பதில்லை. மொத்த வருமானத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை உரிமைதாரர்களுக்கென்று ஒரே குவியலாக வைத்து, எல்லாக் கேட்புகளிலும் யாருக்கு எத்தனை விழுக்காடோ அதன்படி பிரிக்கிறார்கள். நீங்கள் மாதம் முழுக்க ஒரே ஒரு சின்னக் குழுவை மட்டும் கேட்டாலும் உங்கள் சந்தாவில் பெரும் பகுதி, உலகம் முழுக்க அதிகம் கேட்கப்படுகிற நட்சத்திரங்களிடம்தான் போகும். கடைசியில் ஒரு கேட்புக்கு அரை சென்ட்டுக்கும் குறைவாகத்தான் வந்து நிற்கிறது. இது போதாதென்று 2024 முதல், முந்தைய 12 மாதத்தில் 1,000 முறை கேட்கப்படாத பாட்டுக்கு ஸ்பாட்டிஃபையில் ஒலிப்பதிவு ராயல்டி (உரிமைத்தொகை) கிடையாது.

பேண்ட்கேம்ப் தளத்தில் அதே குழுவின் ஆல்பத்தை 10 டாலருக்கு வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தளம் டிஜிட்டல் விற்பனைக்கு 15 விழுக்காடு எடுக்கும், பணப் பரிமாற்றக் கட்டணம் கொஞ்சம் போகும். சுமார் 8 டாலர் கலைஞருக்கோ அவருடைய லேபிளுக்கோ போய்ச் சேரும். அந்த 8 டாலரை ஸ்ட்ரீமிங்கில் சம்பாதிக்க 2,000 கேட்புகளுக்கு மேல் வேண்டும். பத்துப் பாட்டு ஆல்பம் என்றால் நீங்கள் ஒருவரே அதை முதலிலிருந்து கடைசி வரை 200 தடவை கேட்க வேண்டும். நான் உயிரையே வைத்திருக்கும் ஆல்பங்களைக்கூட அத்தனை முறை கேட்டதில்லை.

அரங்குகளின் நிலைமையும் தெரிந்திருக்க வேண்டும். பிரிட்டனில் சின்ன அரங்குகளுக்காக 2014 முதல் இயங்கும் மியூசிக் வென்யூ டிரஸ்ட் அமைப்பு, 2023இல் மட்டும் இப்படிப்பட்ட 125 இடங்களில் நேரடி இசை நின்றுபோனதாகப் பதிவு செய்திருக்கிறது. மிச்சமிருந்தவற்றின் சராசரி லாபம் அரை விழுக்காடு. ஸ்டேடியம் நிரப்புகிற குழுக்களில் பெரும்பாலானவை முதலில் இந்த மாதிரி இடங்களில்தான் வாசித்துப் பழகின. நாற்பது வயது கடந்தவர்களின் மறுவருகைக்கு அத்தனை கோடி கொட்டுகிறோம். இருபது வயதுக்காரர்கள் முதன்முதலாகத் தப்புத்தப்பாக வாசித்துக் கற்றுக்கொள்ளும் அறைகள் பூட்டிக்கொண்டிருக்கின்றன. எனக்கு இந்த விஷயத்தில் உண்மையான கோபம் இருப்பது இங்கேதான். என்டர் ஷிகாரி 2024இல் தங்கள் பெரிய அரங்கு டிக்கெட்டுகளில் ஒன்றுக்கு ஒரு பவுண்டு வீதம் சின்ன அரங்குகளுக்குக் கொடுத்தது. கோல்ட்ப்ளே 2025 பிரிட்டன் நிகழ்ச்சிகளில் தங்கள் வருமானத்தில் 10 விழுக்காடு கொடுக்க முன்வந்தது. நீங்கள் போகப்போகும் மறுவருகைக் குழு அப்படி ஏதாவது செய்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது படி: தேடுங்கள்

புதிதாக வருபவர்களுக்கு இதுதான் மலைப்பாக இருக்கும். எங்கே தொடங்குவது? ஏற்கெனவே பிடித்த ஓர் ஆல்பத்திலிருந்து தொடங்குங்கள். அதில் வாசித்தவர்கள், ஒலிப்பதிவு செய்தவர், லேபிள் ஆகிய பெயர்களைப் படியுங்கள். சின்ன லேபிள் ஒன்றின் ஒரு குழு பிடித்தால் அதன் மற்ற குழுக்களும் பிடிக்க நல்ல வாய்ப்பு உண்டு. வாஷிங்டனில் 1980இல் தொடங்கிய டிஸ்கார்ட் ரெக்கார்ட்ஸ் இதற்கு நல்ல பாடம். அதன் முக்கியக் குழுவான ஃபுகாசி ஐந்து டாலர் அளவிலேயே டிக்கெட் வைத்து, எல்லா வயதினரும் வரலாம் என்று வாசித்தது. 2003 முதல் ஓய்வில் இருக்கிறது, மறுவருகைப் பயணம் எதுவும் போகவில்லை. அந்த லேபிளின் பட்டியலை ஒரு முனையிலிருந்து கேட்டுக்கொண்டு போனால் ஒரு ஊரின் இசை எப்படி வளர்ந்தது என்றே புரிந்துவிடும்.

பேண்ட்கேம்பில் ஒரு ஆல்பத்தின் பக்கத்தில் அதை வாங்கியவர்களின் சின்னப் படங்கள் தெரியும். ஒன்றைத் தட்டினால் அவர் வாங்கிய மற்ற ஆல்பங்களைப் பார்க்கலாம். ரசனை ஒத்துப்போகும் முகம் தெரியாத நண்பர் கிடைத்த மாதிரி. நான் கண்டெடுத்த நல்ல குழுக்களில் பாதி இப்படி வந்தவைதான். நேயர்களின் நன்கொடையில் நடக்கும் சியாட்டில் வானொலியான கேஈஎக்ஸ்பியின் நேரடிப் பதிவுகள், அமெரிக்கப் பொது வானொலி என்பிஆர் தன் அலுவலக மேசையருகே கலைஞர்களை வாசிக்கவைத்து 2008 முதல் வெளியிடும் டைனி டெஸ்க் பதிவுகள் இரண்டையும் பாருங்கள். ஒலிப்பதிவுக்கூடத்தின் மினுக்கு இல்லாமல் ஒரு குழு எப்படி வாசிக்கும் என்று அவற்றில் தெரிந்துவிடும்.

பெரிய குழுவின் நிகழ்ச்சிக்கே போனாலும் அவர்களுக்கு முன்பாக மேடையேறும் சின்னக் குழுவைத் தவறவிடாதீர்கள். டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்துக்குப் போய்ச் சேருங்கள்.

இப்போது ஒரு புதுச் சிக்கல் வேறு. 2025இல் த வெல்வெட் சன்டவுன் என்ற பெயரில் வந்த ராக் பாட்டுகளுக்கு ஸ்பாட்டிஃபையில் மாதம் பத்து லட்சம் பேர் சேர்ந்தார்கள். பிறகுதான் அது செயற்கை நுண்ணறிவால் உருவானது என்று தெரிந்தது. அப்படி ஒரு குழுவே இல்லை. ஆகவே புதுப் பெயர் ஒன்று பிடித்துப்போனால் மூன்று விஷயம் பாருங்கள்: உறுப்பினர்களுக்குப் பெயர் இருக்கிறதா, நேரில் வாசிக்கும் காணொளி இருக்கிறதா, வரப்போகும் நிகழ்ச்சித் தேதி ஏதாவது இருக்கிறதா. ஐந்து நிமிட வேலை.

கிடைத்ததையெல்லாம் கேட்டுத் தள்ளாமல் வாரத்துக்கு ஒரு ஆல்பம் எடுத்து மூன்று முறை முழுக்கக் கேளுங்கள். முதல் முறையில் பிடிக்காதது மூன்றாவது முறையில் ஒட்டிக்கொள்வது அடிக்கடி நடக்கும்.

நான்காவது படி: வாங்குங்கள்

நிகழ்ச்சியில் குழுவினர் போடும் விற்பனை மேசை, குழுவின் சொந்த இணையதளம், பேண்ட்கேம்ப், பிறகு சின்ன லேபிளின் கடை. இந்த வரிசையில் போனால் பெரும்பாலும் தப்பாகாது. லேபிள் நடுவில் இருப்பதால் கவலைப்பட வேண்டாம். பல சின்ன லேபிள்கள் செலவு போக லாபத்தைக் கலைஞரோடு பாதிக்குப் பாதி பிரித்துக்கொள்கின்றன. பிறர் வாங்கிக் கேட்ட பழைய இசைத்தட்டுகளைக் கடையில் வாங்குவது இனிமையான பழக்கம்தான், ஆனால் அந்தக் காசில் கலைஞருக்கு எதுவும் போகாது. உயிரோடு இருந்து, இன்னும் விற்றுக்கொண்டிருக்கும் கலைஞரின் ஆல்பத்தைப் புதிதாகவே வாங்குங்கள்.

பேண்ட்கேம்பில் "விரும்பிய விலை" என்று வைத்திருந்தால் பூஜ்யம் போட்டு இறக்கிக்கொள்ள முடியும். மனதுக்குச் சரியென்று படுவதைப் போடுங்கள். 2020 மார்ச் 20 முதல் அந்தத் தளம் குறிப்பிட்ட சில வெள்ளிக்கிழமைகளில் தன் பங்கை எடுப்பதில்லை. வாங்க நினைத்தவற்றைப் பட்டியல் போட்டு வைத்து அந்த நாளில் வாங்கலாம்.

டி-ஷர்ட்டை மட்டமாக நினைக்காதீர்கள். 1992இல் நிர்வாணா குழுவின் பாடகர் கர்ட் கோபேன் எம்டிவி இசைத் தொலைக்காட்சியின் விருது விழாவுக்கு டேனியல் ஜான்ஸ்டன் வரைந்த தவளை போன்ற ஓர் உருவம் போட்ட டி-ஷர்ட் அணிந்து போனார். வீட்டிலேயே கேசட்டில் பாடிப் பதிந்து, கையால் கொடுத்துக்கொண்டிருந்தவர் ஜான்ஸ்டன். அதற்குப் பிறகு பெரிய நிறுவனங்கள் அவரைத் தேடின. நீங்கள் கோபேன் இல்லைதான், ஆனால் உங்கள் சட்டையைப் பார்த்து "இது யார்?" என்று கேட்கிற நாலு பேர் நிச்சயம் இருப்பார்கள்.

மாதச் சந்தா கொடுக்கும் வழியும் உண்டு. 2013இல் ஜாக் கான்டி என்ற இசைக்கலைஞரே நண்பரோடு சேர்ந்து தொடங்கிய பேட்ரியான் இதற்குப் பிரபலம். சின்னத் தொகையானாலும் மாதாமாதம் வரும் என்ற நிச்சயம், ஒத்திகை அறை வாடகை கட்டுபவருக்குப் பெரிய நிம்மதி. ஒருவரைத் தேர்ந்தெடுத்து ஒரு வருடமாவது தொடருங்கள்.

முன்பணம் திரட்டும் திட்டங்களில் மட்டும் கவனம் வேண்டும். இசைக்கென்றே நடந்த பிளெட்ஜ்மியூசிக் தளம் 2019இல் மூழ்கியது. ரசிகர்கள் கொடுத்த பணம் பல கலைஞர்களின் கைக்கு வரவேயில்லை. ஆல்பம் கேட்ட ரசிகர்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய நிலை அவர்களுக்கே வந்தது. பணம் கலைஞருக்கு எப்போது போய்ச் சேரும், இலக்கு எட்டாவிட்டால் திரும்ப வருமா என்று தளத்தின் விதியைப் படித்துவிட்டுப் போடுங்கள்.

ஐந்தாவது படி: கையில் காசில்லாத மாதத்தில்

எல்லோருக்கும் அப்படி மாதங்கள் வரும். பாட்டைச் சேமித்து வையுங்கள், குழுவைப் பின்தொடருங்கள், உங்கள் பிளேலிஸ்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும்விடப் பலன் தருவது, ஒரே ஒரு நண்பருக்கு ஒரே ஒரு பாட்டை "உனக்கு இது பிடிக்கும், ஏனென்றால்" என்று காரணம் சொல்லி அனுப்புவது. இருநூறு பேருக்குப் பொதுவாகப் பகிர்ந்தால் யாரும் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள்.

நல்லெண்ணத்தில் ராத்திரி முழுக்கச் சத்தத்தைக் குறைத்துப் பாட்டைச் சுற்றவிடுவதோ, கேட்புகளைக் காசுக்கு ஏற்றித் தரும் சேவையைப் பரிசளிப்பதோ வேண்டவே வேண்டாம். போலிக் கேட்பு என்று பெரிய அளவில் கண்டுபிடித்தால் ஸ்பாட்டிஃபை, கலைஞரின் பாட்டைத் தளத்தில் ஏற்றித் தரும் விநியோகஸ்தரிடம் பாட்டுக்கு இவ்வளவு என்று அபராதம் வாங்குகிறது. அந்தச் சுமை கடைசியில் கலைஞர் தலையில் விடியலாம், பாட்டே நீக்கப்படவும் கூடும்.

சின்னக் குழுவில் தெரிந்தவர் இருந்தால் இலவசமாக உள்ளே விடச் சொல்லிக் கேட்காதீர்கள். நண்பர்கள்தான் முதலில் டிக்கெட் வாங்க வேண்டும்.

ஆறாவது படி: நேரில் போங்கள்

இதற்கு முன் சொன்ன எல்லாமே இதற்காகத்தான். ஒரு மறுவருகை டிக்கெட்டின் விலைக்குச் சின்ன அரங்கில் பத்துப் பதினைந்து ராத்திரி போகலாம்.

டிக்கெட்டை முன்கூட்டியே வாங்குங்கள். வாசலில் வாங்கினாலும் அதே காசுதானே என்று தோன்றும். ஆனால் இரண்டு வாரம் முன்னதாக எத்தனை டிக்கெட் விற்றது என்பதைப் பார்த்துத்தான் நிகழ்ச்சியை நடத்தலாமா, ரத்து செய்யலாமா என்று ஏற்பாட்டாளர்கள் யோசிக்கிறார்கள். வாசலில் எழுபது பேர் வரக் காத்திருந்த நிகழ்ச்சி, பத்து டிக்கெட்தான் விற்றது என்பதற்காக நின்றுபோனதை நான் பார்த்திருக்கிறேன். வசூலிலிருந்து முதலில் அரங்கின் செலவும் ஒலி கவனிப்பவரின் சம்பளமும் கழியும். மிச்சத்தில்தான் குழுவின் பங்கு. பல ராத்திரிகளில் பயணச் செலவுக்குக்கூட அது காணாது. அந்தக் குறையை ஈடுகட்டுவது விற்பனை மேசைதான்.

அந்த மேசையிலும் சில அரங்குகள் கமிஷன் எடுக்கின்றன. விற்பனையில் கால் பங்கு வரை போவதுண்டு. பிரிட்டனில் கலைஞர்களின் கூட்டமைப்பு ஒன்று 2022 முதல், கமிஷனே எடுக்காத அரங்குகளின் பட்டியலைப் பராமரிக்கிறது. உங்களுக்குத் தெரிய வேண்டுமென்றால் மேசையில் இருப்பவரிடமே மெல்லக் கேளுங்கள். "ஆமாம், எடுக்கிறார்கள்" என்றால் டி-ஷர்ட்டை அவர்கள் இணையதளத்தில் வாங்கிக்கொள்ளலாம்.

காதடைப்பான் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். முதல் முறை போகிறவர்களுக்கு இதை யாரும் சொல்வதில்லை. சின்ன அறையில் ஒலிபெருக்கி உங்களுக்குப் பத்தடி தூரத்தில் இருக்கும். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் தாங்கும் காது, 100 டெசிபலில் கால் மணி நேரத்துக்கு மேல் தாங்காது என்பது அமெரிக்கத் தொழில்சார் சுகாதார ஆய்வு நிறுவனத்தின் அளவுகோல். இசைக்கென்றே செய்த காதடைப்பான் சத்தத்தைக் குறைக்கும், பாட்டைக் கலங்கலாக்காது. ஆயுளுக்கும் இசை கேட்க வேண்டும் அல்லவா.

உள்ளே போனதும் முன்னால் வந்து நில்லுங்கள். சின்ன அறையில் எல்லோரும் பின்சுவரில் சாய்ந்து நின்றால், நடுவில் இருக்கும் வெறும் தரையைப் பார்த்துக்கொண்டுதான் அவர்கள் பாட வேண்டும். ஒரு பாட்டைப் பதிவு செய்தால் போதும், அப்புறம் போனை உள்ளே வையுங்கள். மெதுவான பாட்டின்போது பக்கத்தில் இருப்பவரோடு பேசாதீர்கள். முப்பது பேர் அறையில் உங்கள் குரல் மேடை வரை கேட்கும். உங்களுக்குப் பிடித்த குழு வாசித்து முடித்ததும் கிளம்பிவிடாமல் அடுத்து வருபவர்களுக்கும் இரண்டு பாட்டாவது நில்லுங்கள். அவர்களுக்கும் அதே மேடைதான், அதே பயம்தான்.

முடிந்ததும் மேசைக்குப் போங்கள். வியர்வை காயாமல் அந்தப் பாடகரே வந்து நிற்பார், சில்லறை எண்ணுவார். என்ன பேசுவது என்று கூச்சப்பட வேண்டாம். "நன்றாக இருந்தது" என்பதோடு நிறுத்தாமல் எந்தப் பாட்டு, அதில் எந்த இடம் என்று சொல்லுங்கள். மூன்றாவது பாட்டில் டிரம்ஸ் நின்று கிதார் மட்டும் போகும் இடம் என்று ஒரு முறை சொன்னேன். அதை எடுத்துவிடலாமா என்று அன்று மதியம்வரை தங்களுக்குள் வாக்குவாதமாம். அடுத்த ஆல்பத்தில் அந்த இடம் அப்படியே இருந்தது.

வாங்க வேண்டியதை வாங்கிவிட்டு, மேசை ஓரத்தில் தாளும் பேனாவும் இருக்கிறதா என்று பாருங்கள். அது குழுவின் மின்னஞ்சல் பட்டியல். சமூக ஊடகத்தில் அவர்கள் போடும் செய்தி உங்கள் கண்ணில் படுமா என்பதை அந்த நிறுவனம் தீர்மானிக்கும். இந்தத் தாள் மட்டும் அவர்களுக்கே சொந்தமானது. இருட்டில் கிறுக்கிய முகவரிகளில் பாதி, மறுநாள் தட்டச்சு செய்யும்போது படிக்க முடியாமல் போய்விடும். அதனால் போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தனித்தனியே எழுதுங்கள்.